ஆளுநரிடம் மன்னிப்பு வாங்கிய பாதிரியார் தியாகியா?

பனங்கிழங்கு | 3 மார்ச் 2024

எந்த நாட்டிலும் இதே கதைதான். முதலில் வேதப்புத்தகம் வரும், பின்னால் நிலம் அளக்கும் சங்கிலி வரும். இதைச் சொன்னால் உடனே யாராவது ஒருவர், "அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுக்காகச் சிறைக்குப் போன பாதிரியார் சாமுவேல் வொர்செஸ்டரைத் தெரியாதா?" என்று வந்து நிற்கிறார். தேடிப் பார்த்தேன். நாலு வருடத் தண்டனை. அதில் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, ஜார்ஜியா ஆளுநருக்குக் கடிதம் எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டார். செரோக்கிகளையும் கடைசியில் துரத்திவிட்டார்கள். இவர் எந்தக் கணக்கில் தியாகி?

தெல்லிப்பழையான் | 4 மார்ச் 2024

அந்த "யாராவது ஒருவர்" நான்தான். போன மாதம் அவர் பெயரை இங்கே இழுத்தேன், இப்போது வாங்கிக்கட்டுகிறேன். சரி.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். 1830 டிசம்பரில் ஜார்ஜியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1831 மார்ச் 1க்குப் பிறகு செரோக்கி நிலத்தில் குடியிருக்கும் வெள்ளைக்கார ஆண்கள் ஆளுநரிடம் உரிமம் வாங்க வேண்டும், ஜார்ஜியாவின் சட்டத்துக்கு அடங்கி நடப்பேன் என்று சத்தியமும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குறைந்தது நாலு வருடம் கடூழியச் சிறை. அந்த நிலம் ஜார்ஜியாவுடையது அல்ல. அமெரிக்க அரசு செரோக்கி தேசத்தோடு ஒப்பந்தம் போட்டு, எல்லை குறித்து ஏற்றுக்கொண்ட நிலம். ஆனால் 1829 வாக்கில் டலோனெகா பக்கம் தங்கம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தை யார் பார்க்கிறார்கள்?

வொர்செஸ்டரை மார்ச்சில் ஒரு தடவை பிடித்தார்கள். அவர் செரோக்கித் தலைநகரான நியூ எச்சோட்டாவின் தபால் அதிபராகவும் இருந்தார், ஆகவே கூட்டாட்சி ஊழியர் என்று சொல்லி நீதிபதி விட்டுவிட்டார். ஆளுநர் கில்மர் என்ன செய்தார் தெரியுமா? வாஷிங்டனுக்கு எழுதி அந்தத் தபால் வேலையைப் பிடுங்கவைத்தார். பத்து நாளில் வெளியேறு என்று கடிதமும் அனுப்பினார். அவர் போகவில்லை. ஜூலையில் மறுபடி பிடித்தார்கள். கூடப் பிடிபட்ட மருத்துவர் எலிசர் பட்லரின் கழுத்தில் சங்கிலி மாட்டி, மறுமுனையைக் குதிரையின் கழுத்தில் கட்டி இருட்டில் நடத்திக்கொண்டு போனார்கள்.

செப்டம்பரில் லாரன்ஸ்வில்லில் விசாரணை. பதினொரு மிஷனரிகளுக்கும் நாலு வருடம். மில்லெட்ஜ்வில் சிறை வாசலில் வைத்தே ஆளுநர் மன்னிப்பு நீட்டினார்: சத்தியம் செய், அல்லது மாநிலத்தை விட்டுப் போ. ஒன்பது பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த இரண்டு பேர் மட்டும் உள்ளே போனார்கள். தியாகி என்ற சொல்லை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், அந்த வாசலை விடமாட்டேன்.

தெல்லிப்பழையான் | 4 மார்ச் 2024, இரவு

இன்னொன்று. நேற்றைய தேதியைக் கவனித்தீர்களா? 1832 மார்ச் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதினார். "மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், இனி அவரே அதை நிறைவேற்றட்டும்" என்றார் ஜனாதிபதி ஜாக்சன். இதைவிடத் திமிரான வாக்கியம் இருக்கிறதா?

தெல்லிப்பழையான் | 6 மார்ச் 2024

பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். அது வொர்செஸ்டர் இல்லை, வூஸ்டர். அட்லாண்டாவில் இருக்கும் என் மருமகன் இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போன் எடுத்தார். "மாமா, அந்தக் கறுப்புச் சாஸ் போத்தலில் இருக்கும் அதே எழுத்துத்தான், அரைவாசியை விழுங்கிவிட வேண்டும்" என்கிறார். இவரை அனுப்பிய சங்கத்தார்தான் எங்கள் வட்டுக்கோட்டையை பட்டிக்கோட்டா என்று எழுதியவர்கள். நான் ஒரு பெயரைக் கெடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தெல்லிப்பழையான் | 9 மார்ச் 2024

"இவரை அனுப்பிய சங்கத்தார்" என்று எழுதியதை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், அதே சங்கம்தான், எங்கள் ஊரில் அமெரிக்கன் மிஷன் என்பது. பாஸ்டனில் இருந்த அமெரிக்க வெளிநாட்டு மிஷன் வாரியம், 1810இல் தொடங்கியது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அடுத்த வருடம் செரோக்கி நிலத்தில் பிரெய்னர்ட் என்ற இடத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்த செரோக்கி, அந்த வாரியத்துக்கு "வெளிநாடு". ஜார்ஜியா ஒத்துக்கொள்ளாததை ஒரு பாதிரிமார் சங்கத்தின் கணக்குப் புத்தகம் ஒத்துக்கொண்டிருந்தது!

அந்த வாரியத்தின் முதல் செயலாளரின் பெயரும் சாமுவேல் வூஸ்டர்தான், இவருடைய சித்தப்பா முறை. தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் முதல் ஆட்களை அனுப்பிய காலத்துச் செயலாளர் அவரே. உடம்பு முடியாமல் செரோக்கி நாட்டுக்குப் பயணம் போய், 1821இல் பிரெய்னர்டிலேயே இறந்தார். நாலு வருடம் கழித்து அதே பெயருள்ள பிள்ளை மனைவி ஆனுடன் அங்கே வந்து இறங்கினார்.

என் அம்மம்மா உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதுவும் இந்த வாரியத்தின் காசு. "பாதிரி முன்னே, சங்கிலி பின்னே" என்றால் எனக்குச் சுருக்கென்று குத்துவதற்கு அதுதான் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தெல்லிப்பழையான் | 10 மார்ச் 2024

இரண்டு பிழைகள். இரண்டும் என்னுடையவை.

ஜாக்சன் அந்த வாக்கியத்தைச் சொன்னதற்குச் சான்று இல்லை. 1864இல் ஹோரஸ் கிரீலி எழுதிய புத்தகத்தில்தான் அது முதலில் வருகிறது, ஜாக்சன் இறந்து 19 வருடம் கழித்து. ஜாக்சன் உண்மையில் எழுதியது, தீர்ப்பு செத்தே பிறந்திருக்கிறது என்று. நண்பர் ஜான் காஃபிக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. இதுவும் மோசமான வாக்கியம்தான், ஆனால் மேடைப் பேச்சு இல்லை, நிலவரம்.

அடுத்தது, பதினொரு பேரும் மிஷனரிகள் அல்லர். ஒருவர் செரோக்கி ஃபீனிக்ஸ் பத்திரிகையை அச்சடித்தவர், ஜான் வீலர். பாதிரி வேலையே பார்க்காத சிலரும் இருந்தார்கள். அவர்கள் மன்னிப்பை வாங்கிக்கொண்டு போனதை நான் கொஞ்சம் இளக்காரமாக எழுதிவிட்டேன் என்று இன்று படிக்கும்போது படுகிறது.

தெல்லிப்பழையான் | 16 மார்ச் 2024

"செரோக்கிகளே வழக்குப் போட்டிருக்கலாமே, வெள்ளைக்காரப் பாதிரி எதற்கு?" என்று தனி மடலில் கேள்வி. நல்ல கேள்வி, கதையின் கசப்பான பகுதியும் இதுதான்.

போட்டார்கள். 1830இல் செரோக்கி நிலத்தில் நடந்த ஒரு கொலைக்காக கார்ன் டாசல் என்ற செரோக்கியை ஜார்ஜியா பிடித்துத் தூக்குத் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் ஜார்ஜியாவை வந்து பதில் சொல்லச் சொன்னது. ஜார்ஜியா பதில் சொல்லவில்லை, டிசம்பர் 24 அன்று அவரைத் தூக்கில் போட்டுவிட்டது. செத்தவருக்கு வழக்கு ஏது?

அடுத்து முதன்மைத் தலைவர் ஜான் ராஸ், செரோக்கி தேசத்தின் பெயரிலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வக்கீல் வில்லியம் வர்ட், நாட்டின் முன்னாள் அட்டர்னி ஜெனரல். 1831இல் தீர்ப்பு: நீங்கள் வெளிநாடு அல்ல, உள்நாட்டில் சார்ந்திருக்கும் ஒரு தேசம், ஆகவே இந்த நீதிமன்றத்தில் நேராக வழக்குப் போட முடியாது. கதவு சாத்தியாயிற்று. அப்போதுதான் ஜார்ஜியா தானாக வந்து மாட்டிக்கொண்டது. வூஸ்டர் வெர்மாண்ட் மாநிலத்துக் குடிமகன். ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக் குடிமகனை, அமெரிக்க ஒப்பந்தத்துக்கு முரணான சட்டத்தில் தண்டித்தால் உச்ச நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும். அதே வர்ட், அதே வாதம், இந்தத் தடவை உள்ளே விட்டார்கள். ஜார்ஜியா வக்கீலைக்கூட அனுப்பவில்லை.

ஒரு முழுத் தேசத்துக்குத் திறக்காத கதவு ஒரு வெள்ளைக்காரனின் கைவிலங்குக்குத் திறந்தது. வூஸ்டருக்கு இது தெரிந்தே இருந்தது. வாசலில் மன்னிப்பை வாங்கியிருந்தால் வழக்கே இல்லை. ஆகவே பனங்கிழங்கு, அவர் உள்ளே இருந்தது தவம் இல்லை, வழக்கு உயிரோடு இருப்பதற்காக. 1831 ஆகஸ்டில் அவருடைய கைக்குழந்தை இறந்தது. விசாரணைக்கு முன்பான அந்த நாட்களில் அவர் ஜார்ஜியாவுக்கு வெளியே, டென்னசியில் இருந்தார். வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வந்த இடத்தில் அவரை மறுபடியும் கைது செய்தார்கள், காரணம் கேட்டபிறகு விட்டார்கள்.

தெல்லிப்பழையான் | 17 மார்ச் 2024

சிறையை நான் மறியல் என்று எழுதாததைப் பாராட்டுங்கள். எங்கள் ஊரில் மறியல் என்றால் சிறை, கடலுக்கு அந்தப் பக்கம் மறியல் என்றால் வழியை மறித்து உட்காருவது. இவர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

தெல்லிப்பழையான் | 23 மார்ச் 2024

நியூ எச்சோட்டாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் போனேன், மகளும் மருமகனும் கூட்டிப் போனார்கள். அட்லாண்டாவிலிருந்து வடக்கே, கல்ஹூன் என்ற ஊரை ஒட்டி. செரோக்கி தேசத்தின் தலைநகரம், இப்போது வெறும் புல்வெளி. அச்சுக்கூடம், நீதிமன்றம் எல்லாம் பிறகு கட்டியவை. அதே இடத்தில் அன்றிலிருந்து நிற்பது வூஸ்டரின் மரவீடு ஒன்றுதான். வெளிப்படிக்கட்டு வைத்த இரண்டு மாடி. ஊரில் செரோக்கிகள் கட்டியது எதுவும் மிஞ்சவில்லை, பாதிரியார் வீடு மிஞ்சியிருக்கிறது. மகள் அதைத்தான் முதலில் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வீட்டிலும் அவரை இருக்கவிடவில்லை. 1832இல் ஜார்ஜியா செரோக்கி நிலத்தைத் துண்டு போட்டு லாட்டரி விட்டது. தங்கம் இருக்கும் பக்கம் 40 ஏக்கர், மற்ற இடத்தில் 160 ஏக்கர். சீட்டு விழுந்தவன் 1834இல் வந்து நின்றான், வூஸ்டர் குடும்பம் வெளியேறியது. ஜான் ராஸுக்கும் இதே கதைதான். வாஷிங்டனில் பேசிவிட்டு வீடு திரும்பினார், வீட்டில் வேறொருவன் குடியிருந்தான்.

அங்கே மண்ணைத் தோண்டியபோது ஈய அச்செழுத்துகள் கிடைத்தன. செக்வோயா 1821இல் ஆக்கி முடித்த செரோக்கி எழுத்துக்கு பாஸ்டனில் வார்ப்பு செய்ய ஏற்பாடு செய்தவர் வூஸ்டர். 1828 பிப்ரவரியில் செரோக்கி ஃபீனிக்ஸ் வந்தது, ஒரு பத்தி ஆங்கிலம், ஒரு பத்தி செரோக்கி. 13 வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் உதயதாரகை வந்ததும் இப்படித்தான், ஒரே தாளில் இரண்டு மொழி. கண்ணாடிக்குள் இருந்த அந்த எழுத்துகளைப் பார்த்தபோது அம்மம்மா வீட்டு அலுமாரி வாசனை வந்தது. இதற்கு நியாயம் கேட்காதீர்கள்.

தெல்லிப்பழையான் | 24 மார்ச் 2024

ஒரு திருத்தம், பெரிய திருத்தம். உதயதாரகை மிஷன் பத்திரிகை. ஃபீனிக்ஸ் செரோக்கி தேசிய சபையின் பத்திரிகை, ஆசிரியர் எலியாஸ் பூடினாட் ஒரு செரோக்கி. நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ வூஸ்டர் பத்திரிகை நடத்தியதுபோல இருக்கிறது. எழுத்தும் செரோக்கியுடையது. அம்மம்மாவின் அலுமாரி என் கண்ணை மறைத்துவிட்டது.

தெல்லிப்பழையான் | 2 ஏப்ரல் 2024

கடிதத்துக்கு வருகிறேன். இவ்வளவு நாள் சுற்றிப் போனேன் என்று தெரியும்.

தீர்ப்பு வந்தது, ஜார்ஜியா நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றமோ அந்த அமர்வை முடித்துக்கொண்டு போய்விட்டது, இனி 1833 ஜனவரியில்தான் கூடும். நடுவில் 1832 நவம்பரில் தென் கரோலினா, கூட்டாட்சி வரிச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. ஜாக்சன் அதை அடக்கப் படை அனுப்பக்கூடத் தயார். அந்த நேரத்தில் ஜார்ஜியாவும் தென் கரோலினாவோடு சேர்ந்தால்? ஆகவே ஜாக்சன் பக்கத்து ஆட்கள் புதிய ஆளுநர் லம்ப்கினிடம் போய், அந்த இரண்டு பேரை வெளியே விடு என்றார்கள். இரண்டு பேரிடமும் வந்து, வழக்கைக் கைவிடுங்கள் என்றார்கள். வழக்கின் வக்கீல்களும் அதையே சொன்னார்கள். டிசம்பரில் பாஸ்டன் வாரியமும், இனி உள்ளே இருப்பதில் பயன் இல்லை என்று எழுதியது. 1833 ஜனவரி 8 அன்று இருவரும் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள்: எங்கள் நிலைப்பாடு சரி என்பதில் மாற்றம் இல்லை, வழக்கை மட்டும் மேலே கொண்டு போகவில்லை. லம்ப்கினுக்குக் கோபம், இது அவமதிப்பாம். இரண்டாவது கடிதம் பணிவாக எழுதினார்கள், அவமதிக்கும் எண்ணம் இல்லை, மாநிலத்தின் பெருந்தன்மைக்கே விட்டுவிடுகிறோம் என்று. ஜனவரி 14 அன்று விட்டார்கள். 16 மாதம்.

அந்த இரண்டாவது கடிதத்தில் எனக்கு எப்போதும் எரிச்சல். முதல் கடிதத்தோடு நின்றிருக்கக் கூடாதா?

பிறகு நினைத்தேன். 1983 ஆகஸ்டில் இலங்கையில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று அரச ஊழியர் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும். தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் செய்ய மறுத்து ஆசனத்தை இழந்தார்கள். நான் அப்போது ஒரு கந்தோரில் எழுதுவினைஞர், வயது 26. தாளை மேசையில் வைத்தார்கள். பெரியவர் ஒருவர் பேனா மூடியைக் கழற்றிக் கையில் தந்தார். கையெழுத்துப் போட்டேன். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. பிறகு தேத்தண்ணி வந்தது, குடித்தேன். வூஸ்டர் 16 மாதம் தாக்குப்பிடித்ததை ஒன்றரை வருடம்கூட இல்லை என்று கணக்குப் பார்க்கும் தகுதி பனங்கிழங்குக்கு இருக்கலாம், எனக்கு இல்லை.

தெல்லிப்பழையான் | 3 ஏப்ரல் 2024

மேலே எழுதியது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. என் கையெழுத்துக்கும் வூஸ்டரின் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. நான் வேலைக்காகப் போட்டேன். அவர் எழுதிய நேரத்தில், அவர் யாருக்காக உள்ளே இருந்தாரோ அந்தச் செரோக்கிகளே பிரிந்துகொண்டிருந்தார்கள். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

தெல்லிப்பழையான் | 21 ஏப்ரல் 2024

பனங்கிழங்கு எழுதியிருக்கிறார்: "அவர் சிறையில் தொடர்ந்து இருந்திருந்தால் செரோக்கிகள் தப்பியிருப்பார்களா? அதைச் சொல்லுங்கள், போதும்." இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் பக்கத்துப் பிளவு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

செரோக்கித் தலைவர்களில் ஒருவரான ஜான் ரிட்ஜ் 1832இல் ஜாக்சனை நேரில் பார்த்துக் கேட்டார், தீர்ப்பை நிறைவேற்றப் படை வருமா என்று. வராது என்றார் ஜாக்சன். தீர்ப்பில் செரோக்கிகள் பக்கம் நின்ற நீதிபதி மெக்லீன்கூட, ஒப்பந்தம் போட்டுவிடுங்கள் என்று தூதுக்குழுவுக்கு ஆலோசனை சொன்னார். அதோடு ரிட்ஜ் மாறினார், பூடினாட்டும் மாறினார். போவதே நல்லது என்ற கருத்தைப் பத்திரிகையில் எழுத சபை விடவில்லை, பூடினாட் ஆசிரியர் வேலையை விட்டார். 1835 டிசம்பர் 29 அன்று நியூ எச்சோட்டாவில் ஒரு சிறு குழு, 50 லட்சம் டாலருக்கு நிலத்தை எழுதிக்கொடுத்தது. ராஸ் கையெழுத்துப் போடவில்லை. 15,000க்கு மேற்பட்ட பெயர்களோடு எதிர்ப்பு மனு போனது. செனட்டில் ஒரே ஒரு வாக்கு கூடுதலாக விழுந்து ஒப்பந்தம் நிறைவேறியது. 1838இல் படை வந்து மக்களை முகாம்களில் அடைத்தது. அங்கிருந்து மேற்கே துரத்திய அந்தப் பயணத்தைத்தான் கண்ணீர்ப் பாதை என்கிறார்கள்.

வூஸ்டர் அதற்கு முன்பே, 1835இல், மேற்கே போய்விட்டார். இன்றைய ஓக்லஹோமாவில் இருக்கும் பார்க் ஹில்லில் அச்சுக்கூடம் வைத்தார். பட்லர் பின்தங்கி, அந்தக் கண்ணீர்ப் பாதையில் ஒரு கூட்டத்துக்கு மருத்துவராகக் கூடவே போனார். 4,000 பேர் செத்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த எண்ணிக்கை இந்தப் பட்லர் போட்ட மதிப்பீடு. மில்லெட்ஜ்வில் சிறையில் இருந்த அதே ஆள்.

1839 ஜூன் 22 அன்று பூடினாட்டைக் கொன்றார்கள். வூஸ்டர் வீட்டுப் பக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். மருந்து வேண்டும் என்று சிலர் வந்து கேட்டார்கள், எடுத்துத் தர வூஸ்டர் வீட்டுப் பக்கம் நடந்தார், வழியில் வெட்டினார்கள். அதே நாளில் ரிட்ஜ் தந்தையையும் மகனையும். நிலத்தை விற்பவனுக்கு மரணம் என்பது செரோக்கிச் சட்டம். வூஸ்டர் அந்த ஒப்பந்தத்தைச் சரி என்றும் சொல்லவில்லை, பூடினாட்டைக் கைவிடவும் இல்லை. இதை எந்தப் பெட்டியில் போடுவது?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1835 கணக்கெடுப்பில் சுமார் 16,500 செரோக்கிகள், அவர்களிடம் ஏறக்குறைய 1,600 கறுப்பின அடிமைகள். கண்ணீர்ப் பாதையில் அவர்களும் நடந்தார்கள். அநீதியான சட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போன மிஷனின் ஆட்கள் அந்த அடிமைகளைக் கூலிக்கு வைத்துக்கொண்டதும் நடந்தது. உடுவிலில் யாரும் இதை அம்மம்மாவுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தெல்லிப்பழையான் | 22 ஏப்ரல் 2024

கொஞ்சம் இலகுவாக ஒன்று. வூஸ்டரின் பேத்தி ஆலிஸ் ராபர்ட்சன், 1920இல் ஓக்லஹோமாவிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வானவர், அங்கே போன இரண்டாவது பெண். அதுவரை பெண்களுக்கு ஓட்டே வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தவர். இந்தக் குடும்பத்தில் எதுவும் நேராக வராது போலிருக்கிறது.

தெல்லிப்பழையான் | 30 ஜூன் 2024

"செத்துப் பிறந்த" தீர்ப்பு சாகவில்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன். 2020இல் மெக்கர்ட் வழக்கில், கிழக்கு ஓக்லஹோமாவில் கிரீக் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் நிலம் இன்னும் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம்தான் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. 2022 ஜூன் 29 அன்று இன்னொரு வழக்கில், அதே 5க்கு 4இல், அந்த நிலங்களில் மாநிலத்துக்கும் சில குற்றங்களை விசாரிக்க அதிகாரம் உண்டு என்று கொஞ்சம் பின்வாங்கினார்கள். நீதிபதி கோர்சச் எழுதிய மறுப்புத் தீர்ப்பு 1831இல் வூஸ்டர் கைதானதிலிருந்தே தொடங்குகிறது. நேற்று அதன் ஆண்டு நிறைவு, மருமகன் நினைவுபடுத்தினார்.

தெல்லிப்பழையான் | 14 ஜூலை 2024

பனங்கிழங்கு இழையை மூடச் சொல்கிறார். ஒரு தகவல், பிறகு போகிறேன்.

1992இல் ஜார்ஜியா மாநில மன்னிப்பு வாரியம் வூஸ்டருக்கும் பட்லருக்கும் முறைப்படி மன்னிப்பு வழங்கியது. அவர்கள் வெளியே வந்து 159 வருடம் கழித்து. ஒரே குற்றத்துக்கு வாசலில் நீட்டிய மன்னிப்பு ஒன்று, 1833இல் விடுதலை ஒன்று, 1992இல் மன்னிப்பு ஒன்று. மூன்றாவதற்கு மட்டும் அவர்கள் சத்தியம் செய்யவோ கடிதம் எழுதவோ வேண்டியிருக்கவில்லை. குற்றமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1832இலேயே சொல்லிவிட்டதை அந்த வாரியத்துக்கு யாராவது சொன்னார்களா தெரியாது.

அடுத்த மாதம் மகள் குடும்பத்தோடு ஓக்லஹோமா போகிறாள், என்னையும் வரச் சொல்கிறாள். பார்க் ஹில்லில் வூஸ்டரும் பூடினாட்டும் ஒரே சிறிய மயானத்தில் கிடக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன். வெயில் கடுமையாம்.